கோல்கீப்பருக்கு அறுபத்தொன்று

கிசுமு, 4 மார்ச் 2019

ஒக்வேனோ,

ஒரு வாரமாக உன் போனுக்கு அடிக்கிறேன். மணி ஒரு தரம் ஒலித்ததும் அறுந்துவிடுகிறது. என் போன் எண்ணை நீ அடைத்து வைத்திருக்கிறாய் என்று, கொண்டேலேயில் காசுக்கு வீடியோ கேம் ஆட விடுகிற கடைக்காரன் சொன்னான். இந்த மின்னஞ்சல் முகவரியைக் காட்டியதும் அவன்தான். ஆட்டத்தின் முதல் திரையிலேயே போட்டிருக்கிறாய்: 'ஏரி லீக், மூன்றாம் பதிப்பு. திருத்தங்களுக்கு எழுதவும்.' எழுதுகிறேன். திருத்து.

எலிஷா மகாக், லேக்சைட் ரோவர்ஸ், கோல்கீப்பர், அறுபத்தொன்று. அதுதான் தப்பு.

வெள்ளைக்காரன் செய்த கால்பந்து கேமைப் பிரித்து, அவன் ஆட்களைத் தூக்கி எறிந்துவிட்டு, நம் ஏரிக்கரைப் பையன்களை உள்ளே வைத்தாய். நல்ல வேலைதான். என் சட்டை, என் முதுகில் என் பெயர், எல்லாம் பார்த்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு பொத்தானை அழுத்தி, கோல் காக்கும் திறமைக்கு நூற்றுக்கு எத்தனை போட்டிருக்கிறாய் என்று என் எண்ணைப் பார்த்தேன்.

இப்போது எனக்கு ஊரில் பெயர் கிடையாது. கோலுக்குப் பின்னால் நிற்கிறவன், "டேய் அறுபத்தொண்ணு, பந்து வருது, கண்ணத் தொற" என்கிறான். மீன் விற்கிற அம்மாகூட, "அறுபத்தொண்ணு, இன்னிக்கு ஒமேனா நல்லாருக்கு, வாங்கிட்டுப் போப்பா" என்கிறாள். அவளுக்குக் கால்பந்து உருண்டையா சதுரமா என்றுகூடத் தெரியாது.

இதைப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. எங்கள் கிளப் தலைவர் ஒபூரா, ஹார்டுவேர் கடைக்காரர், அவர்தான் அணி எடுக்கிறார் என்பது உனக்குத் தெரியும். உன் பதிப்பு வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை தன் வீட்டுக் கூடத்தில் கேம் பெட்டியைப் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அதில் ஓட விடுகிறார். யாரும் கை வைக்கக் கூடாது, இரண்டு பக்கமும் பெட்டியே ஆட வேண்டும். கோலில் என்னை நிறுத்தி ஒரு முறை, வஃபூலாவை நிறுத்தி ஒரு முறை. யாருக்குக் குறைவாக கோல் விழுகிறதோ அவன் ஞாயிறு நிற்பான். வஃபூலா ஜனவரியில் வந்த பையன். அதுவரை ஒரு ஆட்டம்கூட நின்றதில்லை. அவனுக்கு நீ போட்டிருப்பது எழுபத்தேழு. நான்கு ஞாயிறாக நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் இருபத்தெட்டு எங்கள் ஆட்டத்தைப் பார்க்கக் கடற்கரையிலிருந்து சிமெண்ட் ஆலை அணியின் கோச் வருகிறார். ஆலையில் நிரந்தர வேலையும் தருவார்கள். முப்பது தாண்டினவனை எடுக்க மாட்டார்கள். ஆகஸ்டில் எனக்கு முப்பது முடிகிறது. அன்று நான் கோலில் நிற்க வேண்டும். மாற்று.

மகாக்

நைரோபி, 6 மார்ச் 2019

மகாக்,

அடைத்தது உண்மை. நான் அலுவலகக் கூட்டத்தில் இருக்கும்போது திரும்பத் திரும்ப அழைத்தாய். எடுத்ததும் என் அம்மாவை இழுத்தாய். எழுத்திலேயே பேசு. தட்டச்சு செய்கிற நேரத்திலாவது கொஞ்சம் யோசிப்பாய்.

கேட்டதற்குப் பதில்: முடியாது.

இந்த ஆட்டத்தில் ஆட்டக்காரர்களின் விவரமெல்லாம் ஒரே கோப்பில் வெறும் எண்களாகக் கொட்டிக் கிடக்கிறது. எது வேகம், எது உயரம் என்று எவனும் எழுதி வைக்கவில்லை. ஆட்டத்துக்குள் போய் ஒருவனுடைய வேகத்தில் ஒன்றே ஒன்று கூட்டுவேன். சேமிப்பேன். பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த இடம் மாறியது என்று தேடுவேன். இப்படியே ஒவ்வொரு திறனுக்கும். ஒரு வருடம் போனது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், கோப்பின் கடைசியில் ஒரு சரிபார்ப்புக் கூட்டல். ஒரு எண்ணைத் தொட்டாலும் அந்தக் கூட்டல் பொருந்தாது, ஆட்டம் கோப்பைத் துப்பிவிடும். அதையும் கண்டுபிடித்து அடக்கினேன். இவ்வளவையும் செய்கிற கருவிக்குப் பிமா என்று பெயர் வைத்தேன். அளந்து பார் என்று பொருள். கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் கொடு என்று பொருள் இல்லை.

உன்னை அளந்துதான் போட்டேன். ஏரிக்கரைக் கால்பந்துப் பக்கத்தில் பையன்கள் போடும் க்ளிப் ஒன்று விடாமல் பார்க்கிறேன். உன்னுடையது முப்பத்தெட்டு. முப்பத்தெட்டிலும் பந்து உள்ளே போயிருக்கிறது. அறுபத்தொன்று என்பதே என் தாராளம்.

வஃபூலாவுக்கு க்ளிப் எதுவும் கிடைக்கவில்லை. விவரம் இல்லாதவனிடம் கருவி கை வைக்காது. பழைய ஆட்டத்தில் அந்த இடத்தில் கிடந்த வழக்கமான எண் அப்படியே இருக்கும். அது எழுபத்தேழு.

உங்கள் தலைவர் கேம் பார்த்து அணி எடுக்கிறார் என்றால் அது அவர் மண்டையில் உள்ள கோளாறு. அதற்கு நான் பதிப்பு வெளியிட முடியாது.

ஒக்வேனோ

கிசுமு, 10 மார்ச் 2019

ஒக்வேனோ,

உன் கடிதத்தைக் கேம் கடையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முப்பத்தெட்டு என்ற இடம் வந்ததும் சிரித்தார்கள். உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

படித்தவனே, கொஞ்சம் கேள். பந்து எங்கள் கட்டத்துக்குள் வந்ததும் பத்துப் போன் மேலே போகும். நான் பிடித்துவிட்டால் "சே, வீணாப்போச்சு" என்று அந்த இடத்திலேயே அழித்துவிடுவார்கள். டேட்டா என்ன சும்மாவா வருகிறது, பிடித்த பந்தையெல்லாம் ஏற்றுவதற்கு? உள்ளே போனால்தான் ஏற்றுவார்கள். நான் பிடித்த ஒரு பந்தைக்கூட நீ பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. வலையிலிருந்து பந்தைப் பொறுக்குகிற மகாக்கை மட்டும் ஒரு வருடமாகப் பார்த்துவிட்டு அளந்தேன் என்கிறாய்.

எல்லாக் கீப்பருக்கும் அதே கதிதானே என்று சொல்லுவாய். இல்லை. ரோவர்ஸ் ஆட்டத்துக்குத்தான் கூட்டம் வரும், கூட்டம் வருகிற இடத்தில்தான் போன் இருக்கும். உன் பட்டியலில் கீப்பர்களை மேலிருந்து கீழே அடுக்கிப் பார். உன் மேசையில் அது ஒரு பொத்தான்தானே? முதல் பத்துப் பேர் யார் என்று எனக்கு எழுது. ஒருத்தன் விடாமல், படம் எடுக்க ஆள் இல்லாத ஊர்க்காரனாகத்தான் இருப்பான். போன் டவர் இல்லாத ஊர் என்றால் இன்னும் மேலே.

இதற்கு முன்னால் ஒபூரா செமேயில் இருக்கிற ஜாபிலோவிடம் போவார். அந்தக் குறிகாரர் கண்ணை மூடிக்கொண்டு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று சொல்லுவார். இப்போது "அதெல்லாம் மூடநம்பிக்கைப்பா, நாம விஞ்ஞானத்துக்கு வந்தாச்சு" என்கிறார். விஞ்ஞானம் என்றால் நீ. ஜாபிலோவாவது முதலில் என் முகத்தைப் பார்ப்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட அணியில் நான் முதல் கீப்பர், நீ மாற்றுக் கீப்பர். இரண்டு வருடம் எனக்குப் பின்னால் பெஞ்சைத் தேய்த்தாய். இப்போது உனக்கு ஒரு கம்ப்யூட்டர் கிடைத்துவிட்டது.

மகாக்

நைரோபி, 13 மார்ச் 2019

மகாக்,

அடுக்கிப் பார்த்தேன்.

முதல் பதினோரு கீப்பர்களுக்கும் எழுபத்தேழு. ஒருத்தனுக்கும் க்ளிப் இல்லை. கடைசி ஐந்து பேர், கூட்டம் அதிகம் வருகிற ஐந்து அணிகளின் கீப்பர்கள். நீ சொன்னது சரி. அளவெடுத்த முறை தப்பு. மன்னிப்புக் கேட்கவில்லை. தப்பு என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான்காம் பதிப்பை இன்று ஏற்றிவிட்டேன். உருப்படியாக அளக்கும்வரை லீக்கில் எல்லாக் கீப்பருக்கும் ஒரே எண், எழுபது. உனக்குத் தனியாக எதுவும் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன்.

பெஞ்சைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், உட்கார்ந்தேன். பெஞ்சில் இருக்கிறவனுக்கு வேறு வேலை கிடையாது, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கம்பத்தை எப்போதும் திறந்து விடுவாய். க்ளிப்பிலும் திறந்து விடுகிறாய். அதற்குப் போன் வைத்திருக்கிறவன் காரணம் இல்லை.

ஒக்வேனோ

கிசுமு, 29 மார்ச் 2019

ஒக்வேனோ,

உன் நான்காம் பதிப்பைக் கேம் கடைக்காரன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். ஒபூரா கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, புதுப் பதிப்பு வந்திருக்கு. உங்க பெட்டியில மாத்திடலாமா?"

"எதுக்கு?"

"பழசுல தப்பு இருக்குன்னு செஞ்சவனே சொல்றான்."

"யாரு, நம்ம ஒக்வேனோவா? அவனே சொன்னானா?"

"எழுதியே குடுத்திருக்கான்யா."

தராசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தத் தப்பான பெட்டி சொன்னபடி நிறுத்தித்தான் ஏழுல அஞ்சு ஜெயிச்சிருக்கேன். சரியான பெட்டிய வச்சு நான் என்ன பண்ண? போப்பா அறுபத்தொண்ணு, போயி வலையக் கட்டு."

அந்த ஐந்தும் லீக் பட்டியலில் கடைசியில் கிடக்கிற அணிகள். வஃபூலா கைக்குப் பந்து இரண்டு தரம் வந்திருக்கும், அதில் ஒன்று நம்ம ஆளே திருப்பிக் கொடுத்தது.

ஆகவே உன் பதிப்பு எனக்கு உதவாது. அவர் பழைய கோப்பை விட மாட்டார். அந்தக் கோப்புக்குள்ளேயே எண்ணை மாற்ற வேண்டும், வெளியே பார்த்தால் மாறினது தெரியக் கூடாது. உன் கருவியைக் கொடு. கொண்டேலேயில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து நானே செய்துகொள்கிறேன்.

தப்பு உன்னுடையது என்று நீயே ஒப்புக்கொண்டாய். அதை அனுபவிக்கிறவன் நான்.

மகாக்

நைரோபி, 1 ஏப்ரல் 2019

மகாக்,

பிமாவை யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரு தரம் கொடுத்தேன். ககமேகாவில் ஒருவன், நன்றாகப் பேசினான், "அண்ணே, கத்துக்கணும்ணே" என்றான். ஒரே வாரத்தில் அவன் ஊர் அணியில் பதினோரு பேருக்கும் தொண்ணூற்றொன்பது. அவன் மைத்துனன் பந்தைத் தொட்டால் வலை கிழிகிறது. அந்தக் கோப்பு முதல் திரையில் என் பெயரோடு எல்டோரெட் வரை போய்விட்டது. முகம் தெரியாதவர்களிடமெல்லாம் வசவு வாங்கினேன்.

கேம் கடையில் ஒரு பையன் அரை மணிக்குக் காசு கொடுத்து உட்காருகிறான். தன் ஊர் ஆளை எடுத்து ஆடுகிறான். அந்த எண்ணை அவன் நம்புகிறான். கேட்கிறவனுக்கெல்லாம் திறந்துவிட்டால் பிறகு அது ஆட்டம் இல்லை, கல்யாண வீட்டுப் பந்தி.

ஒபூராவுக்கு மூளை வைக்க என்னிடம் கருவி இல்லை. நேரே போய்ப் பேசு. சண்டை போடு. என்னிடம் வராதே.

ஒக்வேனோ

கிசுமு, 5 ஏப்ரல் 2019

பேசினேன். "ரொம்பப் பேசினா பெஞ்சிலயும் இடம் கெடையாது" என்றார்.

நீ நைரோபியில் ஏசி அறையில் கொள்கை பேசு. இங்கே உன் பெயர் போட்ட பெட்டி என் வயிற்றில் அடிக்கிறது. உன் ஆட்டத்தை நம்புகிற அரை மணிப் பையனுக்காக உருகுகிறாய். அதே ஆட்டத்தை ஒரு கிழவனும் நம்புகிறான், அவன் கையில்தான் என் வேலை இருக்கிறது. அவனிடம் இருப்பது தப்பான எண், அது தப்பு என்பது உனக்குத் தெரியும். தெரிந்தே விட்டுவிடுவதற்கு உங்கள் காலேஜில் என்ன பெயர் சொல்லிக் கொடுத்தார்கள்?

மகாக்

நைரோபி, 9 ஏப்ரல் 2019

மகாக்,

இத்துடன் ஒரு கோப்பு இருக்கிறது. பிமா இல்லை, அதிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு. மூன்றாம் பதிப்பை மட்டும் திறக்கும். ரோவர்ஸ் கீப்பர்கள் இருவரை மட்டும் காட்டும். கோல் காக்கும் எண்ணை மட்டும் மாற்ற விடும். கூட்டலை அதுவே சரிசெய்துகொள்ளும். ஒரு முறை சேமித்தால் அதோடு செத்துவிடும். நகல் எடுத்தாலும் ஓடாது. முயற்சி செய்து பார்ப்பாய் என்று தெரியும்.

உனக்காகச் செய்யவில்லை. தப்பான எண் என் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னால் அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. அதற்காக.

ஒரு நிபந்தனை. உண்மை என்று நீ நினைக்கிற எண்ணைப் போடு. என்னிடம் வந்து நியாயம் பேசினவன் நீ. இப்போது விசைப்பலகை உன் கையில்.

மூன்றாம் பதிப்பு இருக்கிற ஒபூராவின் பென் டிரைவ் உனக்கு எப்படிக் கிடைக்கும் என்பது உன் பாடு.

ஒக்வேனோ

கிசுமு, 27 ஏப்ரல் 2019

ஒக்வேனோ,

பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தது வஃபூலா. நம்பினால் நம்பு. அவன் ஒபூரா கடையிலேயே வேலை செய்து கடைக்குப் பின்னால் படுத்துக்கொள்கிறான். பயிற்சி முடிந்து பூட்ஸ் கழற்றும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, உங்ககிட்ட ஏதோ மிஷின் இருக்காமே. எண்ண மாத்துறது."

"யாருடா சொன்னது?"

"கேம் கடையில பேசிக்கிட்டாங்க. அண்ணே, என் எண்ணக் கொறச்சிடுங்கண்ணே."

"ஏன்டா?"

"இந்த ஞாயித்துக்கெழம சிமெண்ட்டுக்காரங்க முன்னாடி நான் நின்னா நாலு விழும். அப்புறம் எங்கூருக்கு நான் எப்படிப் போவேன்? எழுபத்தேழுன்னு சொல்லிச் சொல்லி எல்லாரும் என்னயே பாக்குறாங்க. ராத்திரி சோறு எறங்கல."

இவனை இரண்டு மாதத்துக்கு மேலாக மனதுக்குள் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். "எவ்வளவுடா போடட்டும்?" என்றேன். "உங்களதையே எனக்கும் போடுங்கண்ணே" என்றான்.

கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்தோம். உன் துண்டு திறந்தது. முதலில் எனக்குத் தொண்ணூறு அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு அழித்தேன். உன் நிபந்தனைக்காக அழித்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒபூரா மூடன்தான், குருடன் இல்லை. தொண்ணூறைப் பார்த்தால் பெட்டியையும் உடைப்பார், என்னையும் உடைப்பார். என்னுடையது அறுபத்தொன்றாகவே இருந்தது. வஃபூலாவுக்கும் அறுபத்தொன்று. சேமித்தேன். உன் துண்டு செத்தது. நகல் எடுத்து வைத்திருந்தேன், அதுவும் செத்தது.

நேற்று வெள்ளிக்கிழமை. அணி முழுவதும் ஒபூரா வீட்டுக் கூடத்தில். என்னை நிறுத்தினார், இரண்டு விழுந்தது. வஃபூலாவை நிறுத்தினார், இரண்டு விழுந்தது. மறுபடியும் ஓட்டினார். ஒன்று, ஒன்று. டீ ஆறிப்போனது. பெட்டியைத் தட்டினார், ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். கடைசியில், "மிஷினுக்கே கண்ணு பட்டுருச்சு" என்று எழுந்து போய்விட்டார்.

விடியும்போது மோட்டார் சைக்கிள்காரனை ஒபூரா வரச் சொல்லியிருப்பதாக ராத்திரியே வஃபூலா வந்து சொன்னான். செமேக்கு. ஜாபிலோவிடம். அவர் கிளம்புவதற்கு முன்னால் நான் ஒரு சேவலோடு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். ஜாபிலோ சேவலைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "உயரமா இருக்கியே, கீப்பரா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மத்தியானம் ஒபூரா அறிவித்தார். நாளை நான் நிற்கிறேன்.

உன் ஒரு வருட உழைப்பு செய்யாததை ஒரு சேவல் செய்தது. இதை உனக்கு எழுதத்தான் மறுபடி சென்டருக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

மகாக்

நைரோபி, 27 ஏப்ரல் 2019

மகாக்,

நிபந்தனையைக் காப்பாற்றினாயா இல்லையா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அறுபத்தொன்று உனக்கு உண்மையா? வஃபூலாவுக்கு உண்மையா? பயத்தில் கேட்டவனுக்குப் பயத்தில் போட்டுக் கொடுத்தாய். என் நிரலையும் ஒரு சேவலையும் ஒரே பையில் போட்டு ஒரு கிழவரிடம் கொண்டுபோயிருக்கிறாய். வெட்கமாக இல்லையா?

பஸ் நிலையத்தில் இருந்து எழுதுகிறேன். நாளை மைதானத்துக்கு வருகிறேன். உன்னைப் பார்க்க அல்ல. ஒரு கீப்பரையாவது முழு ஆட்டமும் படம் எடுத்து ஒழுங்காக அளக்க வேண்டும். கேமராவை உன் கோலுக்குப் பின்னால் வைப்பேன். இடைவேளைக்குப் பிறகு நீ எந்தப் பக்கம் போகிறாயோ அந்தப் பக்கம் நானும் வருவேன். என்னிடம் பேசாதே.

ஒக்வேனோ

கிசுமு, 30 ஏப்ரல் 2019

ஒக்வேனோ,

பேசவில்லை. நீயும் பேசவில்லை. கேமரா முக்காலியை நட்டு, குடையைப் பிடித்து, செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றாய். பின்னால் பையன்கள் "அறுபத்தொண்ணு" என்று பாடினபோது நீ தலையைக் குனிந்ததைப் பார்த்தேன். அதையும் படம் எடுத்திருக்கலாம்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். எனக்கு ஒரு கோலும் விழவில்லை. என் கைக்கு நாலு பந்து வந்தது, அதில் மூன்று குழந்தை உருட்டின மாதிரி. ஆட்டம் முடிந்ததும் சிமெண்ட் கோச் இறங்கி வந்தார். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றேன். என்னைத் தாண்டிப் போனார். எனக்கு முன்னால் தடுத்தாடுகிற நடு பேக் ஒடோயோவின் தோளைத் தட்டினார்.

"தம்பி, பந்து வர்றதுக்கு முன்னாடியே அந்த எடத்துல நிக்கிறியே, எப்படி?"

ஒடோயோ என்ன சொல்லுவான், பல்லைக் காட்டினான். அவனை எடுத்துக்கொண்டார். ஜூனில் சேருகிறான்.

"கீப்பர் வேணும்னு சொன்னீங்களே" என்று ஒபூரா கேட்டார். கோச் தோளைக் குலுக்கினார். "இவருக்கு வேலையே வரலையே. என்னத்தப் பாத்து எடுக்க?"

நின்றும் ஆயிற்று, கோல் விடாமலும் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை. ஆகஸ்டில் முப்பது. அதற்குள் இங்கே வேறு யாரும் வரப்போவதில்லை. ஒபூரா கடையில் சிமெண்ட் மூட்டை இறக்க ஆள் வேண்டுமாம். அப்படியாவது சிமெண்ட்டில் சேர்ந்ததாக இருக்கட்டும்.

எடுத்த படத்தை ஏரியில் போடு.

மகாக்

நைரோபி, 6 மே 2019

மகாக்,

படத்தை முழுதாகப் பார்த்தேன். முதலில் சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் பார்த்தேன், கூட்டம் உன்னைத் திட்டுவதைக் கேட்கப் பிடிக்கவில்லை. அப்படிப் பார்த்தால் கோச் சொன்னது சரி. நீ வெறுமனே நிற்கிறாய். கையை ஆட்டுகிறாய். பந்து வருவதில்லை. ஒடோயோ பிரமாதமாக ஆடுகிறான்.

பிறகு சத்தத்தோடு பார்த்தேன். கேமரா உனக்குப் பின்னால் இருந்ததால் உன் தொண்டை முழுவதும் பதிவாகியிருக்கிறது. "ஒடோயோ, எடது. இன்னும் எடது. நில்லுடா நில்லு. இப்ப ஏறு." நீ சொல்லி முடித்த பிறகுதான் அவன் நகர்கிறான். அவன் நகர்ந்த பிறகுதான் எதிராளி பந்தை அங்கே தள்ளுகிறான். நீ கத்தின நேரத்தையும் பந்து போன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கோப்புகளை ஒப்பிடுகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் சத்தம் முந்துகிறது. ஒடோயோ உன்னைக் கேட்காமல் தானாக நகர்ந்தது ஒரே ஒரு முறை. நாலு பந்தில் உருளாமல் வந்த அந்த ஒரு பந்து அப்போது வந்ததுதான்.

பெஞ்சில் இருந்த இரண்டு வருடமும் நீ வாய் ஓயாதவன் என்றுதான் நினைத்தேன்.

கோப்பைத் திரும்ப ஆராய்ந்தேன். வேகம், குதிப்பு, உதை, கை, எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. வாய்க்கு இடம் இல்லை. கொஞ்சம் வெற்றிடம் கிடக்கிறது. அதில் ஒரு எண்ணை எழுதிவிடலாம், ஆனால் ஆட்டம் அதைப் படிக்காது. பிமாவால் எதையும் மாற்ற முடியும். ஆட்டத்துக்குத் தெரியாத ஒன்றை அதற்குத் தெரிய வைக்க முடியாது.

ஆகவே ஒரு துண்டும் வெட்டாமல், தொண்ணூறு நிமிடத்தையும் சத்தத்தோடு அந்தக் கோச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். உன் போன் எண்ணைப் போட்டு, ஒரே ஒரு வரி எழுதினேன்: 'படத்தைப் பார்க்க வேண்டாம், காதால் கேளுங்கள்.' கேட்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்காவிட்டால் என் மேல் பாயாதே.

உன் எண்ணைப் பற்றி: இந்த ஆட்டத்தில் உன் கையை அளக்க எதுவும் இல்லை. யாரும் உன்னை நோக்கி அடிக்கவில்லை. அடித்தால்தான் அளக்க முடியும். லீக்கில் எல்லாருக்கும் உள்ள எழுபதுதான் உனக்கும். ஒபூராவின் பெட்டியில் அறுபத்தொன்று. அதற்கு நான் பொறுப்பில்லை, கடைசியாக அதைச் சேமித்தவன் நீ.

ஒக்வேனோ

கிசுமு, 22 மே 2019

ஒக்வேனோ,

நேற்று மாலை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத எண். கடற்கரைப் பேச்சு.

"மைதானத்துல தொண்ட கிழியக் கத்தினவன் நீதானே?"

"ஆமா."

"எங்க பேக்குங்க நாலு பேரும் செவுடனுங்க மாதிரி நிக்கிறானுங்க. உன்ன மூணு மாசம் வச்சுப் பாக்குறேன். கையும் சரியா இருந்தா வேல. சரியில்லன்னா பஸ் காசு தரேன், வீட்டுக்குப் போயிடு. திங்கக்கெழம வந்துரு."

ஒபூராவிடம் சொன்னேன். "பாத்தியா, நம்ம ஜாபிலோ" என்றார். நான் மறுக்கவில்லை, மூட்டைக் கூலி பாக்கி வர வேண்டும். வஃபூலாவிடம் சொன்னேன். "அப்ப இனிமே நானாண்ணே நிக்கணும்?" என்றான். முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கு இடது கம்பத்தை மூடக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறேன். எனக்கே வராதது, இருந்தாலும் சொல்லிக் கொடுக்கலாம்.

உனக்கு நன்றி சொல்லுவேன் என்று காத்திருக்காதே. முப்பத்தெட்டு க்ளிப்பைப் பார்த்து என் பெயரைப் பிடுங்கிக்கொண்டவன் நீ. ஒரு படத்தை அனுப்பினதால் அது நேராகிவிடாது. எழுபதும் எனக்கு வேண்டாம். எல்லாருக்கும் போடுகிற எண் என் எண் ஆகாது.

யாரும் அடிக்கவில்லை, அதனால் அளக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலையில் ஒரு அணி முழுவதும் வரிசையாக நின்று என்னை நோக்கி அடிக்கப்போகிறது. நைரோபியிலிருந்து கடற்கரைக்கு ராத்திரி பஸ் இருக்கிறது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு வா. முழுதாக எடு. பிறகு உன் வாயால் ஒரு எண்ணைச் சொல்லு, என் முகத்தைப் பார்த்து.

என் போன் எண்ணைத் திறந்துவிடு. மைதானத்து வாசலில் காவல் இருக்கும். நான் வந்து சொன்னால்தான் உன்னை உள்ளே விடுவான்.

மகாக்